ஆஸ்பத்திரியில் கட்டில் இல்லை என்றால்: கணக்குக் கேட்பது எப்படி

கொழும்பில் ஆஸ்பத்திரிப் பேச்சு எழுந்தால் பெரும்பாலும் இரண்டே வசனத்தில் முடிந்துவிடும். ஒருவர், “வாட்டில கட்டில் இல்லை, சனம் நிலத்தில கிடக்குது” என்பார். அடுத்தவர், “காசெல்லாம் எங்க போகுது, தெரியாதா?” என்பார். எல்லாரும் தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போவார்கள். இரண்டு வசனமும் பொய்யில்லை. ஆனால் அவற்றை வைத்துக்கொண்டு ஓர் அதிகாரியிடமிருந்தோ எம்.பி.யிடமிருந்தோ ஒரு சரியான பதிலை வாங்க முடியாது. கேள்வி மொட்டையாக இருந்தால் பதிலும் மொட்டையாகத்தான் வரும்.

நான் கொட்டாஞ்சேனையில் இருக்கிறேன். ஓர் அரச திணைக்களத்தின் கணக்குக் கிளையில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவள். மருத்துவம் எனக்குத் தெரியாது. ஆனால் ஒதுக்கீடு என்று காகிதத்தில் நிற்பது எது, கையில் வருவது எது, டிசம்பர் முடிவில் செலவாகாமல் திரும்பிப் போவது எது என்பது தெரியும். எங்கள் தொடர்மாடியில் யாருக்காவது அரசாங்கத்துக்குக் கடிதம் எழுத வேண்டுமென்றால் என் கதவைத்தான் தட்டுவார்கள். ஆஸ்பத்திரி விஷயமாக அப்படி வந்தவர்களுக்கு நான் சொல்லிக் கொடுப்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஒன்றை முதலே சொல்லிவிடுகிறேன். நோயாளியோடு வாட்டு வாசலில் நிற்கும்போது இந்தச் சண்டை வேண்டாம். அந்த நேரத்தில் உங்களுக்கு முன்னால் நிற்கும் மிஸ்ஸிக்கு, அதாவது தாதிக்கு, கட்டில் வாங்கும் அதிகாரமும் இல்லை, ஆள் எடுக்கும் அதிகாரமும் இல்லை. அவசரமென்றால் 1990க்கு அடியுங்கள், அம்புலன்ஸ் இலவசம். நோயாளி வீட்டுக்கு வந்த பிறகு, ஆத்திரம் கொஞ்சம் தணிந்ததும் பேனையை எடுங்கள்.

எந்தக் கட்டில்?

இலங்கையின் அரச வைத்தியசாலைகளில் ஏறத்தாழ 80,000 கட்டில்கள் இருக்கின்றன. சனத்தொகை 2 கோடியே 17 இலட்சம். வகுத்துப் பாருங்கள், ஆயிரம் பேருக்கு 4க்குக் கிட்ட வரும். நம் பக்கத்து நாடுகளோடு ஒப்பிட்டால் இது நல்ல எண்ணிக்கை. “நாட்டில் கட்டில் பற்றாக்குறை” என்று நீங்கள் பொத்தாம்பொதுவாகச் சொன்னால், எதிரே இருப்பவர் இந்த எண்ணை எடுத்து மேசையில் போடுவார். அதோடு உங்கள் வாதம் முடிந்தது.

அப்படியென்றால் நிலத்தில் கிடக்கும் சனம் எங்கிருந்து வந்தது? கட்டில் இருக்கும் இடம் ஒன்று, நோயாளி போகும் இடம் வேறு. சிறிய பிரதேச வைத்தியசாலைகளில் பல கட்டில்கள் வெறுமையாகக் கிடக்கும். அங்கே இரவில் நிபுணர் இல்லை, ஸ்கேன் இல்லை, சில நேரம் இரத்தப் பரிசோதனைகூட அடுத்த நாள்தான். அதனால் சனம் அதைத் தாண்டிப் பெரியாஸ்பத்திரிக்கு வருகிறது. இங்கே ஒருவர் எந்த அரச ஆஸ்பத்திரிக்கும் நேரே போகலாம், கீழ் ஆஸ்பத்திரியின் சிபாரிசுத் துண்டு தேவையில்லை. கொழும்பு 10இல் இருக்கும் தேசிய வைத்தியசாலையில் 3000க்கு மேல் கட்டில் இருந்தும் போதவில்லை என்றால், காரணம் கொழும்பு மட்டும் இல்லை. அந்த வாட்டுகளில் அநுராதபுரத்தாரும் இருப்பார், ஹட்டனிலிருந்து வந்தவரும் இருப்பார்.

இன்னொன்று. நம் அரச வாட்டுகளில் “இடமில்லை, போ” என்று திருப்பி அனுப்பும் வழக்கம் இல்லை. சில நாடுகளில் கட்டில் காலியாகும்வரை நோயாளி அவசர சிகிச்சைப் பிரிவில் மணிக்கணக்காகக் காத்திருப்பார். இங்கே வாட்டுக்குள் எடுத்துவிடுவார்கள், பிறகு பாய் விரிப்பார்கள். ஆகவே நம் ஊரில் பற்றாக்குறை வாசலில் தெரியாது, கட்டிலுக்குக் கீழேதான் தெரியும். ஐ.சீ.யூ. மட்டும் விதிவிலக்கு. அங்கே பாய் விரிக்க முடியாது. “ஐ.சீ.யூ. கட்டில் இல்லை” என்று சொன்னால் அது உண்மையிலேயே இல்லைதான்.

என் கணவருக்கு நியூமோனியா வந்தபோது ஓர் அரச ஆஸ்பத்திரியின் மருத்துவ வாட்டில் வைத்திருந்தார்கள். இரண்டு கட்டிலுக்கு நடுவில் பாய், சேலைன் போத்தல் ஜன்னல் கம்பியில் தொங்கியது. மருந்து நேரத்துக்கு வந்தது, டொக்டரும் குனிந்து உட்கார்ந்துதான் நெஞ்சைச் சோதித்தார். குறை சொல்லவில்லை. நான் பார்த்துக்கொண்டிருந்தது வாட்டு வாசலில் மாட்டியிருந்த பலகையை. கட்டில் எத்தனை, நேற்று நள்ளிரவில் இருந்த நோயாளர் எத்தனை, புதிதாக வந்தவர், போனவர் என்று சோக்கால் எழுதியிருந்தார்கள். மேலே இருந்த எண்ணும் கீழே இருந்த எண்ணும் ஒன்றுக்கொன்று பொருந்தவே இல்லை. அதைவிட முக்கியமான ஒன்று அந்தப் பலகையில் இல்லை: அன்று இரவு கடமையில் எத்தனை மிஸ்ஸி.

நான் எல்லாருக்கும் சொல்வது இதுதான். இரும்புக் கட்டிலும் மெத்தையும் பெரிய விலை இல்லை. ஒரு நன்கொடையாளர் வந்தால் ஒரே நாளில் ஐம்பது கொண்டுவந்து இறக்குவார், படமும் எடுப்பார். அந்தக் கட்டிலில் படுப்பவரை இரவு 2 மணிக்குப் பார்க்க ஆள் இல்லையென்றால் நிலத்தில் கிடந்தவர் ஒன்றரை அடி மேலே கிடக்கிறார், அவ்வளவுதான் வித்தியாசம். ஆகவே கட்டிலைக் கேட்கும்போதெல்லாம் தாதியரையும் சேர்த்துக் கேளுங்கள். 2022 நெருக்கடிக்குப் பிறகு எத்தனையோ டொக்டர்களும் தாதியரும் நாட்டை விட்டுப் போய்விட்டார்கள். கட்டில்கள் மட்டும் போகவில்லை, அவை இன்னும் எண்ணிக்கையில் நிற்கின்றன.

எண்ணைச் சொல்லும்போது வீதத்தில் சொல்லப் பழகுங்கள். எடுத்துக்காட்டுக்கு, 40 கட்டில் உள்ள வாட்டில் நள்ளிரவுக் கணக்கு 62 என்றால், 62ஐ 40ஆல் வகுத்து 100ஆல் பெருக்குங்கள்: 155 வீதம். ஒரு நாள் கணக்கு எதையும் காட்டாது, டெங்கு காலத்தில் எந்த வாட்டும் நிரம்பும். மாதச் சராசரி வேண்டும், அதுவும் ஒரு முழு ஆண்டுக்கு. அப்போதுதான் “அது அந்த நேரத்து நெரிசல்” என்று யாரும் தட்டிக் கழிக்க முடியாது.

யாருடைய ஆஸ்பத்திரி?

கடிதம் எழுதுபவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இதுதான். எல்லாவற்றையும் சுகாதார அமைச்சருக்கு எழுதுவார்கள். பதில் வராது, அல்லது “இது எமது நிருவாகத்தின் கீழ் வராது” என்று ஒரு வரி வரும்.

கொழும்பில் மூன்று சொந்தக்காரர்கள். தேசிய வைத்தியசாலை, பொரளை லேடி றிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலை, காசல் வீதி மகளிர் வைத்தியசாலை, மஹரகம புற்றுநோய் வைத்தியசாலை, களுபோவில, றாகம போதனா வைத்தியசாலைகள் எல்லாம் மத்திய அமைச்சுக்குக் கீழே. 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் வந்தபோது போதனா வைத்தியசாலைகளையும் சிறப்பு வைத்தியசாலைகளையும் மத்திய அரசு தன் கையில் வைத்துக்கொண்டு மற்றவற்றை மாகாணங்களுக்குக் கொடுத்தது. ஆகவே சிறிய பிரதேச வைத்தியசாலைகள் பெரும்பாலும் மேல் மாகாண சுகாதாரத் திணைக்களத்துடையவை. ஆதார வைத்தியசாலைகளில் சிலவற்றை மத்திய அரசு பிறகு எடுத்துக்கொண்டது, அதனால் பெயர்ப்பலகையைப் பார்த்து உறுதி செய்யுங்கள். மூன்றாவது, கொழும்பு மாநகர சபையின் மருந்தகங்களும் தாய் சேய் கிளினிக்குகளும். கோட்டே ஸ்ரீ ஜயவர்தனபுர வைத்தியசாலை தனி ரகம். 1984இல் ஜப்பான் உதவியோடு வந்தது, தனிச் சபை, கட்டணமும் உண்டு.

மாகாண ஆஸ்பத்திரி என்றால் யாரைக் கேட்பது என்பதில் ஒரு சிக்கல். மேல் மாகாண சபைக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2014இல். 2019இல் அதன் காலம் முடிந்தது. அதற்குப் பிறகு தெரிவான உறுப்பினர் யாரும் இல்லை, ஆளுநரும் செயலாளர்களும்தான். உங்கள் பக்கத்துச் சின்ன ஆஸ்பத்திரிக்கு இரவு டொக்டர் வேண்டுமென்று கேட்க ஒரு மாகாண சபை உறுப்பினர்கூடக் கிடையாது. பெரியாஸ்பத்திரி நெரிசலுக்கு இதுவும் ஒரு காரணம் என்பேன், ஆனால் சுகாதார விவாதங்களில் இதை எடுத்துப் பேசுபவர் குறைவு. கடிதத்தை மாகாண சுகாதாரச் செயலாளருக்கு எழுதி, ஆளுநருக்குப் பிரதி போடுங்கள்.

புத்தகத்தை வாசிப்பது

வரவு செலவுத் திட்டப் பேச்சை யாரும் கேட்கலாம். ஆனால் கணக்கு இருப்பது பேச்சில் இல்லை, மதிப்பீட்டுப் புத்தகத்தில். நிதி அமைச்சின் இணையத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கும், தமிழிலும் பாருங்கள். தடித்த தொகுதிகள், பயப்பட வேண்டாம். உங்களுக்கு வேண்டியது சில பக்கங்கள்தான். சுகாதார அமைச்சின் தலைப்பு இலக்கம் 111. அதை நேரே தேடுங்கள்.

திறந்ததும் எல்லாரும் மொத்தத் தொகையைத்தான் பார்ப்பார்கள். அதை விடுங்கள். முதலில் இரண்டாகப் பிரித்திருப்பார்கள்: மீண்டெழும் செலவு, மூலதனச் செலவு. சம்பளம், மேலதிக நேரம், மருந்து, மின்சாரம், சாப்பாடு எல்லாம் முதல் வகை. கட்டடம், இயந்திரம், அம்புலன்ஸ் இரண்டாம் வகை. புதிய வாட்டுக் கட்டடம் திறக்கும்போது நாடா வெட்டுவது மூலதனம். அந்த வாட்டை ஆண்டுதோறும் நடத்துவது மீண்டெழும் செலவு. முதலாவதற்குக் காசு போட்டு இரண்டாவதற்குப் போடாவிட்டால் பூட்டிய கட்டடம்தான் மிஞ்சும். ஆகவே “புதிய வாட்டுத் தொகுதி வருகிறது” என்று யாராவது அறிவித்தால், “அதற்கு ஆளணி அங்கீகாரம் வாங்கியாச்சா?” என்று கேளுங்கள். ஆளணி என்றால் அங்கே எத்தனை பேரை வேலைக்கு வைத்திருக்க அனுமதி என்பது. இந்த ஒரு கேள்விக்கு அறைக்குள் இருக்கும் கணக்காளர் நிமிர்ந்து பார்ப்பார்.

அடுத்தது நிரல்கள். ஒரே வரியில் பல ஆண்டுகள் இருக்கும். சென்ற ஆண்டு உண்மையில் செலவானது ஒரு நிரல், இந்த ஆண்டு ஒதுக்கியது ஒரு நிரல், வரும் ஆண்டுக்கான மதிப்பீடு ஒரு நிரல், அதற்குப் பிந்திய எதிர்பார்ப்புகள் வேறு. பேச்சில் ஒப்பிடுவது எப்போதும் ஒதுக்கீட்டோடு ஒதுக்கீட்டை. நீங்கள் உண்மைச் செலவைப் பாருங்கள். மூலதனப் பகுதியில் ஒதுக்கியதற்கும் செலவானதற்கும் உள்ள இடைவெளியில்தான் கதை இருக்கும். விலைமனு தாமதம், காசு விடுவிப்புத் தாமதம், ஒப்பந்தக்காரர் நடுவில் விட்டுப் போவது, எதுவாகவும் இருக்கலாம். நான் வேலை செய்த காலத்தில் நவம்பர், டிசம்பரில் செலவு எல்லாம் முண்டியடித்துக்கொண்டு வரும். எங்கள் கிளையில் அப்போது யாருக்கும் லீவு கிடையாது.

இனி எண்ணை எடை போடுவது. 2025 வரவு செலவுத் திட்டத்தில் சுகாதாரத்துக்கு 604 பில்லியன் ரூபா என்றார்கள், அதில் மருந்துக்கு மட்டும் 185 பில்லியன். வரலாற்றிலேயே பெரிய தொகை என்று கைதட்டினார்கள். தொகை பெரிதுதான். ஆனால் பில்லியன் என்பது யாருக்கும் புரியாத அளவு. அதைத் தலைக்கு வகுங்கள். ஒருவருக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 27,800 ரூபா, மாதத்துக்கு 2,300. தனியாரில் ஒரு ஸ்பெஷலிஸ்டைச் சனல் பண்ணிப் பார்க்கப் போகும்போது கையில் எவ்வளவு எடுத்துப் போகிறீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். அரசாங்கம் அந்த 2,300க்குள் தடுப்பூசியிலிருந்து பைபாஸ் வரைக்கும் செய்கிறது. இதைப் பார்த்துவிட்டு “எவ்வளவு குறைவு” என்றும் சொல்லலாம், “இவ்வளவு குறைவுக்கு இவ்வளவு செய்கிறார்களே” என்றும் சொல்லலாம். எனக்கு இரண்டும் தோன்றும்.

ஒரு எச்சரிக்கை. பேச்சில் சொல்லும் சுகாதாரத் தொகையும் 111ஆம் தலைப்பில் நிற்கும் தொகையும் ஒன்றாக இருக்க வேண்டும் என்றில்லை. மாகாணங்களுக்குப் போகும் காசு வேறு தலைப்புகளில் நிற்கும். இரண்டையும் கலந்து ஒப்பிட்டால் சுகாதாரத்துக்குக் கூடியது போலவும் காட்டலாம், குறைந்தது போலவும் காட்டலாம். இரண்டு பக்க அரசியல்வாதிகளும் இதைச் செய்வார்கள்.

பிறகு விலைவாசி. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி பணவீக்கம் 69.8 வீதம். அந்த ஆண்டின் தொடக்கத்தில் 200 ரூபாவாக இருந்த டொலர், இப்போது 300ஐச் சுற்றி நிற்கிறது. மருந்தில் பெரும்பகுதி இறக்குமதி. 2021இல் 100 ரூபா போட்டு வாங்கிய அதே மருந்துக்கு இன்று 150 ரூபா வேண்டும். மருந்து ஒதுக்கீடு ஒன்றரை மடங்காகக் கூடினால் மாத்திரை ஒன்றுகூடக் கூடவில்லை என்றுதான் பொருள். 2022 மார்ச்சில் பேராதனை போதனா வைத்தியசாலையில் வழமையான சத்திரசிகிச்சைகளை நிறுத்தி வைத்தார்களே, அப்போது அங்கே கட்டிலும் இருந்தது, டொக்டரும் இருந்தார். மயக்க மருந்தோடு கொடுக்கும் ஒரு மருந்து தீர்ந்து போயிருந்தது. கட்டில் எண்ணிக்கையை மட்டும் வைத்துப் பேசுபவர்களுக்கு நான் இதைத்தான் நினைவூட்டுவேன்.

சம்பளமும் இதே கதைதான். 2025 வரவு செலவுத் திட்டத்தில் அடிப்படைச் சம்பளத்தைக் கூட்டிவிட்டு மேலதிக நேரம் கணிக்கும் வீதத்தைக் குறைத்தார்கள். அந்த மார்ச்சில் சுகாதாரச் சங்கங்கள் வேலைநிறுத்தம் செய்தன. கிளினிக் வந்த சனம் திட்டிக்கொண்டு திரும்பிப் போனது. நானும் வேலைநிறுத்தங்களை விரும்புபவள் இல்லை. ஆனால் ஆள் பற்றாக்குறையான ஓர் ஆஸ்பத்திரி மேலதிக நேரத்தில்தான் ஓடுகிறது. அந்த வரியில் கை வைத்தால் இரவு வாட்டில் உடனே தெரியும். புத்தகத்தில் “மேலதிக நேரமும் விடுமுறைக் கொடுப்பனவும்” என்று தனி வரியே இருக்கிறது, சம்பள வரிக்குப் பக்கத்திலேயே. இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்.

தகவல் கேட்டுக் கடிதம்

புத்தகத்தில் நாட்டுக் கணக்கு இருக்கும், உங்கள் வாட்டுக் கணக்கு இருக்காது. அதற்கு 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டம் இருக்கிறது. 2017 பெப்ரவரியிலிருந்து நடைமுறையில் உள்ளது. இலங்கைப் பிரஜை யாரும் கேட்கலாம், தமிழிலேயே எழுதலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. கேட்டால்கூடச் சொல்ல வேண்டாம். ஒவ்வொரு அரச நிறுவனத்திலும் தகவல் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும். நியமிக்கவில்லை என்றால் நிறுவனத் தலைவரே அந்தப் பொறுப்பில் இருப்பதாகச் சட்டம் கொள்ளும். ஆகவே “எங்களிடம் அப்படி ஒருவர் இல்லை” என்ற கதை செல்லாது.

“நெரிசல் பற்றிய விபரம் தரவும்” என்று எழுதாதீர்கள். விபரம் என்று கேட்டால் விளக்கம் வரும், எண் வராது. நான் எழுதிக் கொடுப்பது ஏறத்தாழ இப்படி இருக்கும்:

“தகவல் அலுவலர் அவர்களுக்கு, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டத்தின் கீழ் பின்வருவனவற்றின் பிரதிகளைக் கோருகிறேன். 1. கடந்த ஆண்டு ஜனவரி முதல் டிசம்பர் வரை ஒவ்வொரு மாதமும், மருத்துவ வாட்டு ஒவ்வொன்றினதும் கட்டில் எண்ணிக்கையும் நள்ளிரவு நோயாளர் எண்ணிக்கையின் சராசரியும். 2. கடந்த டிசம்பர் 31இல் அங்கீகரிக்கப்பட்ட தாதியர் ஆளணியும் அன்று உண்மையில் சேவையில் இருந்தோர் எண்ணிக்கையும். 3. தீவிர சிகிச்சைப் பிரிவில் உள்ள கட்டில்களில் இயங்குபவை எத்தனை, இயங்காதவை எத்தனை, இயங்காமைக்கான காரணம் பற்றி மேலிடத்துக்கு அனுப்பிய கடிதங்கள். 4. கடந்த ஆண்டுக்கான மூலதன ஒதுக்கீடு, விடுவிக்கப்பட்ட தொகை, செலவான தொகை.”

கீழே பெயர், முகவரி, கையொப்பம், திகதி. அவ்வளவுதான். நான்கு கேள்விக்கு மேல் போகாதீர்கள். பதினைந்து கேள்வி கேட்டால் “பெருந்தொகைத் தகவல்” என்று மேலதிகமாக 21 நாள் எடுக்க அவர்களுக்குச் சட்டத்தில் இடமுண்டு. தனி ஒரு நோயாளியின் பெயரைக் குறிப்பிட்டு எதுவும் கேட்காதீர்கள். மற்றவரின் மருத்துவத் தகவலைத் தர மறுக்க அவர்களுக்கு உரிமை இருக்கிறது, அந்த ஒன்றைக் காரணம் காட்டி முழுக் கடிதத்தையும் ஒதுக்கிவிடுவார்கள்.

மூன்றாவது கேள்வியில் “அனுப்பிய கடிதங்கள்” என்று சேர்த்ததைக் கவனியுங்கள். பணிப்பாளர்கள் பலர் ஆள் இல்லை, இயந்திரம் இல்லை என்று அமைச்சுக்கு எழுதிக்கொண்டேதான் இருப்பார்கள். அவர்களாக வெளியே பேச முடியாது, அரச ஊழியருக்கான தாபன விதிக்கோவை வாயைக் கட்டிவிடும். நீங்கள் கேட்டால் அந்தக் கடிதம் சட்டப்படி வெளியே வரும். கேட்பவரைக் கண்டு எரிச்சல்படும் பணிப்பாளரும் உண்டு, உள்ளுக்குள் சந்தோஷப்படும் பணிப்பாளரும் உண்டு.

கையில் கொடுத்தால் பெற்றுக்கொண்டதற்கு எழுத்தில் ஒரு சீட்டு வாங்குங்கள். தபாலென்றால் பதிவுத் தபால். 14 வேலை நாட்களுக்குள் தருகிறோமா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். தருகிறோம் என்றால் அடுத்த 14 நாட்களுக்குள் தர வேண்டும். மறுத்தாலோ பேசாமல் இருந்தாலோ 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அவருக்கு மூன்று வாரம். அதுவும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவலுக்கான உரிமை ஆணைக்குழு. ஆணைக்குழு வரை போகிறவர் என்று தெரிந்தால் பெரும்பாலும் அதற்கு முன்பே கடிதம் வந்துவிடும்.

பதில் சிங்களத்தில் வந்தால் சோர்ந்துவிடாதீர்கள். அட்டவணையில் எண் எண்தான், மாதங்களின் வரிசையும் மாறாது. ஆனாலும் தமிழில் தரும்படி ஒரு வரி திருப்பி எழுதுங்கள். தமிழும் அரசகரும மொழி. கேட்காமல் விட்டால் அடுத்தவருக்கும் அப்படித்தான் போகும்.

எங்கே கொண்டுபோய்ச் சொல்வது

எண் கையில் வந்ததும் முகநூலில் போடத்தான் மனம் வரும். போடுங்கள், தப்பில்லை. ஆனால் பயன் தரும் இடங்கள் வேறு.

வரவு செலவுத் திட்டம் வழமையாக நவம்பரில் வரும். (2025க்கான திட்டம் தேர்தல் காரணமாக அந்த ஆண்டு பெப்ரவரியில் வந்தது.) இரண்டாம் வாசிப்பு முடிந்த பிறகு குழு நிலையில் அமைச்சு அமைச்சாக எடுத்து விவாதிப்பார்கள். சுகாதாரத்துக்கென்று ஒரு நாள் வரும். அந்த நாளுக்கு இரண்டு வாரம் முன்பே உங்கள் மாவட்ட எம்.பி. ஒருவருக்கு ஒரே ஒரு பக்கத்தில் எண்ணையும் கேள்வியையும் அனுப்புங்கள். எதிர்க்கட்சி எம்.பி.க்குப் பேச விஷயம் வேண்டும். ஆளும் கட்சி எம்.பி.க்கோ தன் தொகுதி ஆஸ்பத்திரிக்கு ஏதாவது வாங்கினேன் என்று காட்ட வேண்டும். இருவருக்கும் அனுப்புவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பேச்சைவிடவும் நல்லது வாய்மூல விடைக்கான வினா. அதற்கு அமைச்சர் எழுத்தில் தயாரித்த பதில் தர வேண்டும், பாராளுமன்றப் பதிவேடான ஹன்சாட்டில் பதிவாகும். அடுத்த ஆண்டு அதையே எடுத்து அவருக்கு முன்னால் வைக்கலாம்.

எங்கள் தொடர்மாடித் தம்பி ஒருவர், “அன்ரி, இதெல்லாம் செய்து என்ன, அவங்கள் காசில்லை எண்டு சொல்லுவாங்கள்தானே” என்றார். சொல்வார்கள். அதற்கும் தயாராகப் போங்கள். கணக்காய்வாளர் நாயகத்தின் அறிக்கைகள் பொதுவில் கிடைக்கும். ஆஸ்பத்திரிகள், அமைச்சு பற்றியவற்றை எடுத்துப் பாருங்கள். வாங்கிப் பொருத்தாமல் கிடக்கும் இயந்திரம், பாதியில் நின்ற கட்டடம், காலாவதியான மருந்து இவை எல்லாம் பத்தி இலக்கத்தோடு இருக்கும். காசே இல்லை என்பவருக்கு அந்தப் பத்தியை வாசித்துக் காட்டுங்கள். அதே நேரம் “திருட்டை நிறுத்தினால் போதும், காசு கூட்டத் தேவையில்லை” என்பவரையும் நம்பாதீர்கள். இந்த நாட்டில் மருத்துவத்துக்குச் செலவாகும் மொத்தப் பணத்தில் பாதிக்குக் கிட்ட மக்களே கையிலிருந்து கொடுக்கிறார்கள், அதுவும் இலவச ஆஸ்பத்திரி இருக்கும்போதே. வெளியே எடுத்து வரச் சொன்ன ஸ்கேன், மருந்துக்கடைத் துண்டு, சனல் காசு, எல்லாம் அதற்குள்தான். உள்ளே போதிய காசு போடாததால் வெளியே போகும் காசு அது.

வசதி உள்ளவர்களிடம் கட்டணம் வாங்கி அதில் கட்டில் கூட்டலாம் என்று சொல்பவர்கள் உண்டு. கேட்க நியாயமாகத்தான் இருக்கும். நான் அவர்களிடம் கேட்பது ஒன்றைத்தான்: காசு கட்டும் வாட்டுக்கு இரவு மிஸ்ஸி எங்கிருந்து வருவார்? இலவச வாட்டிலிருந்து எடுத்துப் போட்டால் பாய் எண்ணிக்கைதான் கூடும். புதிதாக எடுப்பதென்றால் அதே ஆளை இலவச வாட்டுக்கே எடுக்கலாமே. இதற்கு ஒழுங்கான பதில் இன்னும் எனக்குக் கிடைக்கவில்லை.

கீழ் ஆஸ்பத்திரிகளைப் பலப்படுத்தினால் மேலே நெரிசல் குறையும் என்பவர்களின் பக்கம்தான் நான். 2018இல் ஆரம்ப சுகாதாரத்துக்கென்று உலக வங்கி 200 மில்லியன் டொலர் அங்கீகரித்தது, திசை சரியானதுதான். ஆனால் அதற்கு முன் “சின்ன வருத்தத்துக்குப் பெரியாஸ்பத்திரிக்கு வராதீர்கள்” என்று சனத்துக்குப் புத்தி சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. இரவு 9 மணிக்குப் பிள்ளைக்கு வலிப்பு வந்தால் பூட்டிய மருந்தகத்துக்கா தூக்கிக்கொண்டு ஓடுவது? திறந்து வையுங்கள், ஆளைப் போடுங்கள், சனம் தானாக அங்கே போகும்.

எம்.பி.யும் அசையாவிட்டால் பாராளுமன்றத்தின் பொதுமனுக்கள் பற்றிய குழு இருக்கிறது. மனுவை ஓர் எம்.பி. மூலமாகத்தான் கொடுக்க முடியும், ஆனால் எந்த எம்.பி. என்றாலும் சரி. பத்திரிகைக்கு எழுதுவதென்றால் ஒரு ஆஸ்பத்திரி, ஒரு ஆண்டு, இரண்டு எண் என்று சுருக்கமாக எழுதுங்கள், ஆசிரியர் வெட்டுவதற்கு ஒன்றும் இருக்காது. சில ஆஸ்பத்திரிகளில் அபிவிருத்திக் குழு என்று ஒன்று இருக்கும், ஊர்ப் பிரமுகர்கள் இருப்பார்கள். அதற்குள் போக முடிந்தால் போங்கள். கட்டிலும் சக்கர நாற்காலியும் அன்பளிப்புச் செய்வது பற்றித்தான் அங்கே பேச்சு ஓடும். நீங்கள் ஆளணிப் பட்டியலைக் கேளுங்கள்.

வந்த பதில்களை ஒரு ஃபைலில் போட்டு, மேலே ஆஸ்பத்திரி பெயரையும் ஆண்டையும் எழுதி வையுங்கள். உறைகளையும் எறியாதீர்கள், மேன்முறையீட்டுக்குத் தபால் முத்திரைத் திகதி தேவைப்படும். அடுத்த ஆண்டு ஜனவரி பிறந்ததும் அதே நான்கு கேள்வியை, ஆண்டை மட்டும் மாற்றி, மறுபடியும் அனுப்புங்கள்.